மலிவு ரிவால்வரும் உருகுநிலைச் சட்டமும்: அமெரிக்க மாநிலங்களின் கைத்துப்பாக்கி விதிகளைத் தெரிந்துகொள்வோம்

புதுசா ஒரு குக்கர் வாங்கப் போகிறீர்கள். விலை கேட்பதற்கு முன்பே வீட்டில் பெரியவர்கள் சொல்வது என்ன? "ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா பாரு." ஹெல்மெட்டுக்கும் இதே கதைதான். வெடிக்கக்கூடிய பொருள், உயிரைக் காக்க வேண்டிய பொருள் என்றால் அதன் தரத்தை யாராவது ஒருவர் சோதித்திருக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போன எதிர்பார்ப்பு.

அமெரிக்காவிலும் இதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு சட்டத்தின்படி உருவான நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அது. குழந்தைத் தொட்டில், ரொட்டி சுடும் டோஸ்டர், பொம்மை என்று ஆயிரக்கணக்கான பொருள்கள் அதன் பார்வைக்குள் வரும். பொம்மைத் துப்பாக்கியும் வரும். ஆனால் நிஜத் துப்பாக்கி வராது! அந்த ஆணையத்தை உருவாக்கிய சட்டத்திலேயே துப்பாக்கிக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். கீழே விழுந்தால் தானாக வெடிக்கிற ஒரு கைத்துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது.

மத்திய அரசு விட்டுவைத்த அந்த இடத்தில்தான் சில மாநிலங்கள் நுழைந்தன. "இந்தத் துப்பாக்கி எந்த உலோகத்தில் செய்யப்பட்டது? எத்தனை டிகிரியில் உருகும்? ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வெடிக்குமா?" என்றெல்லாம் கேட்கும் சட்டங்களை எழுதின. அந்தச் சட்டங்கள் முதலில் குறிவைத்தது, ஐம்பது டாலருக்குள் கிடைத்த சின்ன ரிவால்வர்களை.

இதெல்லாம் நமக்கு எதுக்குங்க என்று கேட்கலாம். உங்கள் மகனோ மகளோ, தம்பியோ பேத்தியோ அமெரிக்காவில் படிக்கிறார்களா, வேலை பார்க்கிறார்களா? அவர்கள் இருக்கும் ஊரில் துப்பாக்கிக் கடை என்பது கடைவீதியில் இருக்கும் இன்னொரு கடை. வார இறுதியில் நண்பர்கள் துப்பாக்கி சுடும் மையத்துக்குக் கூப்பிடுவார்கள். அங்கே சட்டம் எப்படி வேலை செய்கிறது, விசாவில் இருப்பவரை அது எங்கே பிடிக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சுத்தி அடிப்பது விளிம்பில்

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். தோட்டாவில் நான்கு பாகங்கள்: முன்னால் குண்டு, அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் தீமூட்டி. பெரும்பாலான தோட்டாக்களில் இந்தத் தீமூட்டி அடிப்பாகத்தின் நடுவில் தனிக் கிண்ணமாகப் பதிந்திருக்கும். ரிம்ஃபயர் என்ற வகையில் அப்படித் தனிக் கிண்ணம் இல்லை. கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே தீமூட்டும் கலவையைப் பரப்பிவிடுவார்கள். துப்பாக்கியின் சுத்தி அந்த விளிம்பை நசுக்கும், கலவை தீப்பிடிக்கும், குண்டு கிளம்பும்.

விளிம்பு நசுங்க வேண்டும் என்றால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. அதனால் ரிம்ஃபயர் தோட்டாவில் அழுத்தம் குறைவாகத்தான் வைக்க முடியும். இன்றைக்கு உலகமெங்கும் புழங்கும் 'பாயின்ட் 22 லாங் ரைஃபிள்' தோட்டா 1887-இல் வந்தது. அதன் குண்டு ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை கிராமுக்குச் சற்று மேல் எடை. அழுத்தத்தின் உச்ச வரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. போலீஸ்காரர்கள் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அதுவே 35,000.

மலிவு வந்த வழி இதுதான். அழுத்தம் குறைவு என்பதால் துப்பாக்கியின் உடலை உறுதியான எஃகில் கடைந்தெடுக்கத் தேவையில்லை. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றினால் போதும். கதவுக் கைப்பிடி, பொம்மைக் கார் எல்லாம் இப்படித்தான் வார்க்கிறார்கள். குழலுக்குள் மட்டும் ஒரு எஃகுக் குழாயைச் செருகிவிட்டால் ரிவால்வர் தயார்.

இது நேற்று வந்த தொழில் அல்ல. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ரிம்ஃபயர் தோட்டா போடும் தன் முதல் ரிவால்வரை வெளியிட்டது. பின்பக்கமிருந்து தோட்டா போடும்படி துளையிட்ட சிலிண்டருக்கான காப்புரிமை அவர்கள் கையில் இருந்தது. 1869-இல் அது காலாவதியானதும் சின்னச் சின்னப் பட்டறைகள் எல்லாம் களத்தில் இறங்கின. அந்தக் காலத்து மலிவு ரிவால்வர்களுக்குப் பிற்காலச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர், 'தற்கொலை ஸ்பெஷல்'. கேட்கவே ஒரு மாதிரிதான் இருக்கிறது.

ஏழைக்கு எட்டாத துப்பாக்கி

மலிவுக் கைத்துப்பாக்கிக்கு எதிரான மாநிலச் சட்டங்களும் அதே காலத்தவை. 1879-இல் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பாக்கெட்டிலோ இடுப்பிலோ வைக்கும் கைத்துப்பாக்கி எதையும் விற்கக் கூடாது, தரைப்படை, கடற்படை பயன்படுத்தும் ரகத்துக்கு மட்டும் விலக்கு. 1881-இல் ஆர்கன்சா மாநிலமும் அதே வழியில் போனது. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் படைத்தரத் துப்பாக்கி பெரியது, விலையும் அதிகம். உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வெள்ளையர் பலரிடம் அது ஏற்கெனவே இருந்தது. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களுக்கு எட்டும் விலையில் இருந்தது மலிவு ரகம் மட்டுமே. தடை வந்தது அதற்குத்தான்.

இதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலிவுத் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றி இன்றைக்கும் அமெரிக்காவில் நடக்கும் விவாதத்தின் வேர் இதுதான். "தரம் இல்லாத ஆயுதத்தைத் தடுக்கிறோம்" என்று ஒரு தரப்பு சொல்லும். "ஏழையின் கையில் ஆயுதம் போகாமல் தடுக்கிறீர்கள்" என்று மறு தரப்பு சொல்லும். கறுப்பினப் பகுதிகளில் துப்பாக்கிக்குப் பலியாகிறவர்களும் ஏழைகள்தான். இரவில் தனியாக வேலைக்குப் போய்வரப் பாதுகாப்புக்கு ஏதாவது வேண்டும் என்கிறவர்களும் ஏழைகள்தான். இதில் யார் சொல்வது சரி என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுத முடியாது.

இரண்டு துப்பாக்கிச் சூடுகள்

பாயின்ட் 22 தானே, எலி சுடுகிற துப்பாக்கி என்று அலட்சியமாகப் பேசுபவர்கள் உண்டு. அமெரிக்க வரலாறு வேறு சொல்கிறது.

1968 ஜூன் 5. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அம்பாசிடர் ஹோட்டல். அதிபர் வேட்பாளராகும் போட்டியில் கலிபோர்னியா தேர்தலில் வென்ற ராபர்ட் கென்னடி சமையற்கூடம் வழியாக வெளியேறும்போது சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். சுட்டது எட்டுத் தோட்டா கொள்ளும் ஐவர் ஜான்சன் பாயின்ட் 22 ரிவால்வரால். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டிருந்தார். நாடு கொதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 22-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம், விளையாட்டு நோக்கத்துக்குப் பொருந்தாத துப்பாக்கிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யக் கூடாது என்றது. நீளம், எடை, பாதுகாப்பு அம்சம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். சின்ன மலிவு ரிவால்வர்கள் தேறவில்லை. நல்லதுதானே? ஆனால் ஒரு ஓட்டை. தடை இருந்தது முழுத் துப்பாக்கிக்கு; உதிரிபாகங்களுக்கு இல்லை. ஜெர்மனியின் ரோம் நிறுவனத்தோடு தொடர்புடைய ஆர்.ஜி. இண்டஸ்ட்ரீஸ், புளோரிடா மாநிலத்தின் மயாமியில் ஆலை தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து பாகங்கள் வரும், மயாமியில் பூட்டுவார்கள், 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று விற்பார்கள். இன்னொரு பக்கம், இறக்குமதிப் போட்டி இல்லாமல் போனதில் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி மலிவுக் கைத்துப்பாக்கி செய்யும் உள்ளூர் நிறுவனங்கள் முளைத்தன. மருத்துவரும் ஆய்வாளருமான கேரன் வின்டமியூட் 1994-இல் அவற்றைப் பற்றி எழுதிய ஆய்வுக்கு 'நெருப்பு வளையம்' என்று பெயரிட்டார்.

1981 மார்ச் 30. வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல் வாசலில் அதிபர் ரொனால்டு ரீகன் மீது ஜான் ஹின்க்லி ஆறு முறை சுட்டார். இரண்டு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையிலிருந்தது ஆர்.ஜி. 14 ரக பாயின்ட் 22 ரிவால்வர். டல்லாஸில் ஓர் அடகுக்கடையில் ஐம்பது டாலருக்கும் குறைவாக வாங்கியது. ஒரு குண்டு காரின் கவசத் தகட்டில் பட்டுத் தெறித்து ரீகனின் இடது அக்குளுக்குக் கீழே நுழைந்து, இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளி நுரையீரலில் நின்றது. அவர் பிழைத்தார். ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிராடிக்குத் தலையில் காயம். மீதி வாழ்நாள் முழுக்க உடல் செயலிழப்போடு வாழ்ந்த அவர் 2014-இல் இறந்தபோது, அந்தப் பழைய குண்டுக்காயமே காரணம் என்று மருத்துவ அதிகாரிகள் அதைக் கொலையாகப் பதிவு செய்தார்கள்.

அவர் பெயரில்தான் 1993-இல் பிராடி சட்டம் வந்தது. இன்று உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைக் கணினி வழியே சரிபார்க்கிறார்களே, அந்த முறை 1998 நவம்பரில் தொடங்கியது இந்தச் சட்டத்தால்தான். கவனியுங்கள்: பிராடி சட்டம் கேட்பது "வாங்குபவர் யார்?" என்று. "வாங்கும் பொருள் எப்படிப்பட்டது?" என்ற கேள்வியை மாநிலங்கள்தான் கேட்டன.

800 டிகிரி என்ற கோடு

இல்லினாய் மாநிலச் சட்டம் சொல்வது இது: குழலோ, நழுவு பாகமோ, உடல் சட்டகமோ துத்தநாகக் கலவை வார்ப்பாக இருந்து, 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகவோ உருக்குலையவோ செய்யும் என்றால், அந்தக் கைத்துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரி உரிமம் இல்லாதவருக்கு விற்கக் கூடாது. ஹவாயிலும் துத்தநாக வார்ப்புக்கு அதே 800 டிகிரிதான் கோடு. மின்னசோட்டாவில் 1,000 டிகிரி. அதோடு உலோகத்தின் இழுவலிமைக்கும், தூள் உலோகம் என்றால் அதன் அடர்த்திக்கும் தனித்தனி அளவு.

துப்பாக்கி சுட்டால் உருகிவிடுமா என்ன? உருகாது. இந்த எண் வெப்பத்தைப் பற்றியதே இல்லை, உலோகத்தை அடையாளம் காணும் குறுக்குவழி. 800 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 427 டிகிரி செல்சியஸ். பொதுவான துத்தநாக வார்ப்புக் கலவை 380 சொச்சம் டிகிரியிலேயே உருகிவிடும். அலுமினியம் உருக 660 ஆக வேண்டும், எஃகுக்கு 1,400-ஐத் தொட வேண்டும். ஆக 427-இல் ஒரு கோடு போட்டால் துத்தநாகம் இந்தப் பக்கம், மற்றவை அந்தப் பக்கம். விலையைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் மிக மலிவான ரகத்தை மட்டும் பிரித்தெடுக்கும் வழி. சட்டம் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் 'எதைத் தடுக்கிறது' என்பது வேறு. இல்லினாய், மின்னசோட்டா சட்டங்கள் வியாபாரியின் விற்பனையைத் தடுக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிடுகின்றன. ஹவாய் சட்டம் அப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. ஒரே ரிவால்வர், ஒரு மாநிலத்தில் கடைக்காரர் மட்டும் மாட்டுவார், இன்னொன்றில் வைத்திருப்பவரும் மாட்டுவார்.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

மேரிலாந்து வேறு வழியில் போனது. அந்தக் கதை கொஞ்சம் சுவாரசியமானது.

1985-இல் மேரிலாந்தின் உச்ச நிலை நீதிமன்றம் யாரும் எதிர்பார்க்காத ஒரு தீர்ப்பு சொன்னது. மளிகைக் கடைக் கொள்ளையில் சுடப்பட்ட ஊழியர் ஒருவர், சுட்டவரை விட்டுவிட்டு, ஆர்.ஜி. நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டிருந்தார். குட்டைக் குழல், குறைந்த எடை, எளிதில் மறைக்கலாம், மட்டமான உலோகம், குறி தவறும், நம்ப முடியாது: இப்படிப்பட்ட 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' துப்பாக்கியால் நியாயமான பயன் எதுவும் இல்லை, குற்றத்துக்குத்தான் உதவும் என்பது தயாரிப்பாளருக்கும் தெரியும், எனவே பாதிக்கப்பட்டவருக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். எது அந்த வகையில் சேரும் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நடுவர் குழு தீர்மானிக்க வேண்டுமாம். துப்பாக்கித் தொழிலே ஆடிப்போனது.

1988-இல் சட்டமன்றம் ஒரு பண்டமாற்று செய்தது. தயாரிப்பாளர் மீதான அந்தப் பொறுப்பை நீக்கியது. பதிலுக்கு கைத்துப்பாக்கிப் பட்டியல் வாரியம் ஒன்றை உருவாக்கியது. பட்டியலில் இடம்பெற்ற ரகங்களை மட்டுமே மாநிலத்தில் விற்கலாம். மறைக்கும் வசதி, குறி துல்லியம், எடை, உலோகத்தின் தரம், தயாரிப்பின் தரம், பாதுகாப்பு, குண்டின் விட்டம், சோதனைக் கருவியில் தெரியுமா, விளையாட்டுக்கோ தற்காப்புக்கோ காவல் பணிக்கோ பயன்படுமா என்று வாரியம் பார்க்கும். துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் பெரும் பணம் செலவழித்து, இதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோயின. 1988 நவம்பரில் மக்கள் சட்டத்தின் பக்கமே வாக்களித்தார்கள். 1990 முதல் பட்டியல் நடைமுறைக்கு வந்தது.

பலன் இருந்ததா? 1990 முதல் 1998 வரை மேரிலாந்தில் துப்பாக்கிக் கொலைகள், சட்டம் இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரிய அதிசயம் இல்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னொன்றையும் அதே ஆய்வு காட்டியது: தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் விற்பனை எகிறியிருந்தது. விலையேற்றத்துக்கு முந்தின ராத்திரி பெட்ரோல் பங்க் நிலவரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கலிபோர்னியா செய்தது நம் ஐஎஸ்ஐ முறைக்கு இன்னும் பக்கம். 1999-இல் நிறைவேறி 2001 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒவ்வொரு ரகத்திலும் மூன்று துப்பாக்கிகள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் 600 தோட்டாக்கள் சுடுவார்கள். ஆறு முறைக்கு மேல் மக்கர் செய்தால் தோல்வி. பிறகு ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து காங்கிரீட் பலகையில் வெவ்வேறு கோணங்களில் போடுவார்கள். ஒரு முறை வெடித்தாலும் தோல்வி. மலிவு ரிவால்வர்களில் பலவற்றுக்கு இந்த வீழ்ச்சிச் சோதனைதான் எமன். சுத்தியின் முனை தோட்டாவின் விளிம்பைத் தொட்டபடியே ஓய்வெடுக்கும் பழைய அமைப்பில், பின்பக்கம் தரையில் மோதினால் சுத்தி அடிபட்டுத் தோட்டா வெடித்துவிடும். அலமாரியிலிருந்து தவறி விழுந்த ஒரு துப்பாக்கி குழந்தை மீது சுடலாம். விசையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் கையால் சுத்தியை இழுத்துவிட்டுச் சுட வேண்டிய, கௌபாய் படங்களில் வருகிற மாதிரி ரிவால்வர். ஐந்து தோட்டாவாவது கொள்ள வேண்டும், குழல் 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்த நீளம் ஏழரை அங்குலமாவது இருக்க வேண்டும். இந்த அளவுகளுக்குள் வந்தால் கலிபோர்னியாவில் ஆய்வகச் சோதனையே வேண்டாம். துத்தநாகத்தில் வார்த்ததா என்றும் அந்த விலக்கு கேட்பதில்லை. அதே துத்தநாக ரிவால்வரை இல்லினாயில் கடைக்காரர் விற்க முடியாது. நாட்டிலேயே கடுமையான துப்பாக்கிச் சட்டம் கலிபோர்னியாவில் என்று எல்லோரும் பேசுவார்கள். இந்த ஒரு ரகத்தில் கதை தலைகீழ்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் இப்போது நீதிமன்றச் சோதனையில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கு ஒன்றில், துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் அந்நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. அதன்பிறகு கலிபோர்னியா பட்டியல் உட்படப் பல விதிகள் மீது வழக்குகள் நடக்கின்றன. எனவே உறவினர் யாராவது "எங்க மாநிலத்துல இதான் சட்டம்" என்று போன வருடம் சொன்னதை இந்த வருடமும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

எல்லை தாண்டினால்

'பக்கத்து மாநிலத்தில் கிடைக்குதே, அங்கே போய் வாங்கிட்டு வந்துடலாம்' என்ற யோசனைக்கு மத்திய சட்டம் இடம் தராது. உரிமம் பெற்ற வியாபாரி, வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்குக் கைத்துப்பாக்கியை நேரடியாகக் கொடுக்க முடியாது. வாங்குபவரின் சொந்த மாநிலத்திலுள்ள வியாபாரிக்கு அனுப்பித்தான் ஒப்படைக்க வேண்டும். அந்த மாநிலத்து விதிக்குத் தேறவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு வியாபாரி கைத்துப்பாக்கி விற்கவே கூடாது.

இனி நம் பிள்ளைகள் விஷயம். மாணவர் விசா, பணி விசா, சுற்றுலா விசா என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். மலிவா, விலை அதிகமா, ரிம்ஃபயரா என்ற பேச்சே இல்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. தண்டனை 15 ஆண்டு வரை சிறை என்று 2022-இல் உயர்த்தியிருக்கிறார்கள்.

'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரெஹைஃப் என்ற வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. புளோரிடாவில் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர் ஒருவரைக் கல்லூரி நீக்கிவிட்டது. அதனால் விசா தகுதி போய்விட்டது. அதன்பிறகு அவர் துப்பாக்கி சுடும் மையத்துக்குப் போய்ச் சுட்டார். அவ்வளவுதான், வழக்கு. தனக்குத் தகுதி இல்லை என்பது அவருக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அந்த வார்த்தை வருவதற்குள் அவர் தண்டிக்கப்பட்டு எத்தனை படி ஏறியிருப்பார்! அதனால் "சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாம் வாடா" என்ற அழைப்புக்கு விசாவில் இருப்பவர் சொல்ல வேண்டிய பதில், "வழக்கறிஞரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அறைத் தோழர் அமெரிக்கர், அவர் துப்பாக்கியை வரவேற்பறை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார் என்றாலும் பேசித் தீர்த்துவிடுவது நல்லது. பூட்டிய பெட்டி, சாவி அவரிடம் மட்டும். நண்பருக்காக நம் பெயரில் படிவம் நிரப்பி வாங்கிக் கொடுப்பது தனிக் குற்றம். ஒருவேளை கைதானால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை வியன்னா தூதரக உறவு ஒப்பந்தப்படி அவருக்கு உண்டு; அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போது

நம் நாட்டில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உருகுநிலையைக் கேட்பதற்கு முன்னால் ஆளைக் கேட்கிறது: உரிமம் எங்கே? அந்த உரிமத்தை மாவட்ட ஆட்சியரோ, மாநகரக் காவல் ஆணையரோ விசாரித்துத் தர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். தோட்டாவுக்கும் உரிமம் தேவை. இந்தக் கடைசி வாக்கியம்தான் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கோட்டை விடும் இடம்.

பாயின்ட் 22 தோட்டா ஒன்று சுண்டுவிரலின் மேல் கணு அளவுதான் இருக்கும். சுடும் மையத்துக்குப் போன பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒன்று தங்கிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்க விமானங்களில் தோட்டாவைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. ஆனால் விமான நிறுவன விதிகளுக்கு உட்பட்டு, முறைப்படி பொதி செய்து சரக்குப் பெட்டியில் போடலாம். அந்த ஊரில் சரியாக இருந்த பெட்டி, சென்னையிலோ திருச்சியிலோ இறங்கும்போது ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் சட்டம் சொல்லும் தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை. பையில் இருப்பதே தெரியாது என்பது நிரூபணமான, ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனாலும் அதுவரை கடவுச்சீட்டு, விசா புதுப்பிப்பு, திரும்பும் டிக்கெட் எல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

எனவே பிள்ளைகள் லீவுக்குக் கிளம்புவதற்கு முன் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: யாருடைய பையையாவது இரவல் வாங்கியிருக்கிறாயா? இரவல் பை என்றால் எல்லா ஜிப்பையும் திறந்து, உள்துணியைத் தடவி, தலைகீழாக உதறிப் பார்க்கச் சொல்லுங்கள். நினைவுப் பரிசு என்று யாராவது கொடுத்த வெற்றுத் தோட்டாக் கூட்டில் செய்த சாவிக்கொத்தும் விமான நிலையச் சோதனையில் நிறுத்தி விசாரிக்க வைக்கும்; அதையும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.